டோரா, ஐ2பியா, வேறு ஏதுமா? கொழும்பில் இருந்து பெயர் தெரியாமல் எழுத எதை நம்பலாம்?

புதுக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு தனியார் கொம்பனியில் வேலை செய்கிறேன். (திருத்தம்: தெருவின் பெயரையும் நான் வேலை செய்யும் பகுதியையும் எடுத்துவிட்டேன், காரணம் கீழே முதல் பதிலில்.) ஊழியர் சேமலாப நிதிக்கு என்று சம்பளத்தில் 8 வீதம் மாதாமாதம் வெட்டுகிறார்கள். முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டுமே போய்ச் சேரவில்லை. வேலையை விட்டுப் போன பழைய ஆட்கள் காசு எடுக்கப் போனபோதுதான் தங்கள் கணக்கில் பல மாதங்கள் வெறுமையாக இருப்பது தெரிந்தது. கேட்டவர்களை ஒவ்வொருவராக வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஒருவர் தானாகவே நின்றுவிட்டார்.

இதைப் பற்றி ஆதாரத்தோடு எழுத வேண்டும், எங்களைப் போல வேறு கொம்பனிகளில் இருப்பவர்களும் தங்கள் சம்பளத் துண்டுகளை அனுப்ப ஒரு வழி வேண்டும். என் பெயர் வெளியே வந்தால் வேலை போகும், அதைவிட எனக்குக் கடதாசி தந்து உதவியவர்களின் வேலையும் போகும், அதுதான் பெரிய கவலை.

எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் வேறு வேறு மாதிரிச் சொல்கிறார்கள். ஒருவர் நல்ல விபிஎன் ஒன்று காசு கட்டி எடுத்தால் போதும் என்கிறார். மருமகன் டோர் என்கிறான். அவனுடைய நண்பன் டோர் அமெரிக்கக் கடற்படை செய்த சாமான், அதை நம்ப வேண்டாம், ஐ2பி பாவியுங்கள் என்கிறான். தேடிப் பார்த்தால் ஃப்ரீநெட், நிம் என்று இன்னும் வருகின்றன. வீட்டு ஃபைபர் இணைப்பு அப்பாவின் பெயரில், என் சிம் என் அடையாள அட்டை இலக்கத்தில். ஒபிஸ் வைஃபையும் இருக்கிறது. கணினி ஓரளவு தெரியும், நெட்வொர்க் வேலை தெரியாது. எங்கே தொடங்குவது?


நெய்தல்

முதல் வேலையாக உங்கள் பதிவைத் திருத்துங்கள். தெருவும் பகுதியும் சொன்னால் உங்கள் முதலாளி எந்த நெட்வொர்க்கையும் உடைக்கத் தேவையில்லை, ஒருதரம் வாசித்தாலே ஆளைப் பிடித்துவிடுவார்.

சரி, கேள்விக்கு வருவோம். எது நல்லது என்று கேட்க முன்னர் யாரிடம் இருந்து மறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் முதலாளி ஒருவர், இணைப்புத் தரும் நிறுவனம் ஒன்று, நீங்கள் எழுதப்போகும் தளம் ஒன்று. நாளைக்கு நீதிமன்றக் கட்டளை என்று போனால் பொலிஸும் சேரும். ஒவ்வொருவரும் உங்களைப் பார்க்கிற இடம் வேறு, அதனால் ஒரே மருந்து எல்லோருக்கும் கேட்காது.

விபிஎன், அதாவது உங்கள் போக்குவரத்தை ஒரு நிறுவனத்தின் சேர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை, உங்கள் தெரிவுகளின் பட்டியலிலேயே வராது என்பது என் கருத்து. இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும், அவ்வளவுதான் மாற்றம். நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கும், அதோடு காசு கட்டிய அட்டையின் விபரமும். "நாங்கள் பதிவு ஒன்றும் வைப்பதில்லை" என்று எழுதி வைத்திருப்பார்கள், அதை நீங்கள் நம்பத்தான் வேண்டும். நம் நாட்டில் விபிஎன் பழக்கமானது தடைகளால்தான். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனக் கலவர நேரம், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கு நேரம் என்று முகநூலும் வட்ஸ்அப்பும் நின்றபோது எல்லோரும் விபிஎன் போட்டார்கள், வேலையும் செய்தது. தமிழ்நெட் செய்தித் தளம் 2007இல் முடக்கப்பட்டபோதும் அப்படித்தான் சுற்றிப் போய் வாசித்தோம். ஆனால் பூட்டிய கதவைச் சுற்றி வெளியே போவது ஒரு தேவை, யார் போனது என்று தெரியாமல் போவது வேறு தேவை. முதலாவதுக்கு விபிஎன் நன்றாகவே போதும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

டோர் என்ன செய்கிறது என்றால், நீங்கள் அனுப்பும் தரவுத் துண்டுகளுக்கு (பக்கெட்டுகளுக்கு) மூன்று உறை போட்டு மூன்று கணினிகள் வழியாக அனுப்புகிறது. முதலாவது கணினிக்கு உங்கள் ஐபி (இணைப்பின் முகவரி இலக்கம்) தெரியும், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவதுக்குப் போகிற தளம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டு பக்கத்து அயலவர்களை மட்டும்தான் தெரியும். இந்தக் கணினிகளை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், 7000க்கு மேல் இருக்கின்றன. டோர் பிரவுசரில் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தினால் அந்த மூன்றும் எந்த நாட்டில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும், பாருங்கள். பக்கத்தைப் புதுப்பித்து வேறு வழி கேட்டால் கீழே இரண்டு மாறும், முதலாவது மாறாது. அது பிழை இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி முதல் கணினியை மாற்றினால் என்றைக்கோ ஒருநாள் கெட்டவன் நடத்துகிற கணினியில் போய் விழுவீர்கள் என்பதால் சில மாதங்களுக்கு ஒன்றையே பிடித்துக்கொள்ளும்.

கடற்படைக் கதை உண்மைதான். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் போல் சிவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் என்ற மூவர்தான் அந்த யோசனையைத் தொடங்கினார்கள். பிறகு ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மத்தியூசனும் சேர்ந்து 2002இல் டோரை வெளியே விட்டார்கள், 2006இல் இலாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிந்தார்கள். அமெரிக்க அரசுப் பணம் நீண்டகாலமாக அதற்கு வந்திருக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதை ஏன் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள் என்று யோசியுங்கள். கடற்படை ஆட்கள் மட்டும் பாவிக்கிற நெட்வொர்க் என்றால் அதிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு இணைப்பும் கடற்படையுடையது என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். காலை நேரம் காலி வீதியில் நிரம்பி வழிகிற 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒருவரைத் தேடுவதும், மதியம் மூன்று பேரோடு போகிற பஸ்ஸில் தேடுவதும் ஒன்றா? கூட்டம் இல்லாமல் ஒளிவு இல்லை. அதனால்தான் எனக்கு மற்ற எதையும்விட டோரில் நம்பிக்கை, தொழில்நுட்பத்தில் அதைவிட நல்லது இருக்கலாம், இவ்வளவு சனம் வேறு எதிலும் இல்லை.

பலவீனமும் சொல்கிறேன். உங்கள் பக்கத்தையும் போய்ச் சேரும் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ஒருவர் நேரத்தையும் அளவையும் பொருத்திப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம், டோர் வேகமாகப் போக வேண்டும் என்பதால் இதை அது தடுப்பதில்லை, தடுப்பதாகச் சொன்னதும் இல்லை. மூன்றாவது கணினியை நடத்துபவர் மறைகுறியாக்கம் இல்லாத போக்குவரத்தை வாசிக்கலாம். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன்காரர் அப்படிச் சில வெளியேறும் முனைகளை நடத்தி, தூதரகங்கள் உட்பட 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது மறைகுறியாக்கிய இணைப்பு, என்பதால் அந்த ஆபத்து நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் பூட்டுக் குறி இல்லாத தளத்தில் டோர் வழியாக எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.

ஒபிஸ் வைஃபையில் இதைத் தொடவே வேண்டாம். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பரீட்சையைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினான், டோர் வழியாக, தற்காலிக மின்னஞ்சல் சேவை ஒன்றில் இருந்து. டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரம் பல்கலைக்கழக வைஃபையில் டோருக்கு இணைந்தது யார் என்று பார்த்தார்கள், அவனிடம் போய்க் கேட்டார்கள், ஒப்புக்கொண்டான். அவன் செய்தது குற்றம், நீங்கள் செய்வது நியாயம், ஆனால் பிடிபடுகிற விதம் இருவருக்கும் ஒன்றுதான். உங்கள் ஒபிஸில் டோர் போட்டது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் தனியாக நிற்கும்.


முடிச்சு

நெய்தல் அண்ணா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஐ2பி பற்றி நானே சொல்கிறேன், வீட்டில் ஒரு பழைய கணினியில் ஐ2பிடி என்ற ஐ2பி மென்பொருளை ஓடவிட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் தெரியும்.

ஐ2பி 2003இல் தொடங்கியது. அது வெளியே போகிற வழியாகச் செய்யப்படவில்லை, உள்ளுக்குள்ளேயே இயங்குகிற தனி ஊர் மாதிரி ஒன்று. அதற்குள் இருக்கிற தளங்கள், மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு எல்லாம் அதற்குள்ளேயே. சாதாரணத் தளங்களுக்குப் போக ஒருசிலர் வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கை மிகக் குறைவு, அதை நம்பி நான் ஒன்றும் செய்ய மாட்டேன். போகிற வழி ஒன்று, வருகிற வழி வேறொன்று என்று சுரங்கங்கள் தனித்தனி, ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்று கணினிகள். டோரில் ஒரே வழியால் போய் வருகிறது, இங்கே ஒரு பக்கத்தைக் கவனிப்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும், அது நல்ல வடிவமைப்பு. டோருக்கு எந்தக் கணினிகள் உள்ளன என்ற பட்டியலை ஒப்புக்கொள்ள ஒரு சிறு குழுச் சேர்வர்கள் இருக்கின்றன, ஐ2பியில் அந்தப் பட்டியலும் பயனாளர்களுக்கு இடையே பிரிந்து கிடக்கிறது, தலையில் அடிக்க ஒரு தலை இல்லை.

இப்போது உங்களுக்குப் பொருந்தாத பக்கம். வழக்கமான அமைப்பில் ஐ2பியில் வருகிற ஒவ்வொருவரும் மற்றவர்களின் போக்குவரத்தையும் சுமக்க வேண்டும். அதாவது உங்கள் கணினியின் ஐபி முகவரி அந்த நெட்வொர்க்கின் பட்டியலில் வெளிப்படையாக இருக்கும். என்ன செய்கிறீர்கள் என்று தெரியாது, ஆனால் ஐ2பி பாவிக்கிறீர்கள் என்பது நெட்வொர்க்கில் இருக்கிற யாருக்கும் தெரியும். இலங்கை ஐபிக்களில் எத்தனை பேர் இதை ஓட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சிறிய பட்டியலில் அப்பாவின் பெயரில் உள்ள வீட்டு இணைப்பும் ஒன்றாக இருப்பது நல்லதா என்று யோசியுங்கள்.

டேட்டாவும் போகும். பங்கிடும் அளவைக் குறைத்து வைக்காவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் அடுத்தவர்களின் பக்கெட்டுகள் உங்கள் வழியாக ஓடிக்கொண்டிருக்கும், மாதப் பெக்கேஜ் வைத்திருக்கிற வீட்டில் மாதம் முடிய முன் சண்டை வரும். பிரவுசரில் 7070 போர்ட்டில் ஐ2பிடியின் நிலவரப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை சுரங்கம் கட்டி முடிந்தது, எத்தனை வீதம் சரிவந்தது என்று எல்லாம் காட்டும். தொடங்கி முதல் அரை மணித்தியாலம் அந்த வீதம் பரிதாபமாக இருக்கும், மற்றக் கணினிகள் உங்களை அறிமுகமாக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். கைபேசி டேட்டாவில் பெரும்பாலும் ஒரு ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியே இருந்து உங்களிடம் நேரே வர முடியாது, அந்தப் பக்கத்தில் ஃபயர்வோல் நிலை என்றே நிற்கும். நாள் முழுக்க ஓடவிட்டால்தான் ஐ2பி நன்றாக வேலை செய்யும், ஒரு கட்டுரை அனுப்ப அரை மணித்தியாலம் திறந்து மூடுபவருக்கு அது சரிவராது.

ஃப்ரீநெட் பற்றியும் கேட்டீர்கள். இயன் கிளார்க் எடின்பரோவில் படிக்கும்போது தொடங்கிய யோசனை, 2000இல் வெளிவந்தது, 2023இல் இருந்து அந்தப் பழைய மென்பொருளின் பெயர் ஹைஃபாநெட். நீங்கள் போடும் கோப்பைத் துண்டாக்கி, மறைகுறியாக்கி, பலருடைய கணினிகளில் பரப்பி வைக்கும். நீங்கள் கணினியை மூடிவிட்டுப் போனாலும் கோப்பு அங்கே இருக்கும், யார் போட்டது என்று தேட ஒரு சேர்வர் இல்லை. ஆள் கேட்கக் கேட்கக் கோப்பு நிலைக்கும், ஒருவரும் கேட்காவிட்டால் மெல்ல உதிர்ந்து போகும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, எனக்கும் அதில் ஒரு பிடிப்பு உண்டு. ஆனால் சேமலாப நிதி கிடைக்காமல் அலைகிற ஒரு கடைத் தொழிலாளி உங்கள் கட்டுரையை வாசிக்க ஜாவா நிறுவி ஹைஃபாநெட் போடுவாரா? வாசகர் இல்லாத இடத்தில் எழுதி என்ன பயன்?


தாமதம்

டோருக்கு எல்லோரும் வாக்குப் போடுவதற்கு முன் கலவை நெட்வொர்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெய்தல் "பலவீனம்" என்று ஒரு வரியில் கடந்து போன விஷயத்துக்காகவே அது உருவானது.

டேவிட் சோம் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் எல்லாமே தொடங்குகிறது. அவர் சொன்ன வழி இதுதான்: வருகிற கடிதங்களை நடுவில் உள்ள கணினி உடனே அனுப்பக் கூடாது, சேர்த்து வைத்துக் குலுக்கி, ஒழுங்கு மாற்றி, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி அனுப்ப வேண்டும். அப்போது உள்ளே போனது எது, வெளியே வந்தது எது என்று முழு நெட்வொர்க்கையும் பார்ப்பவராலும் பொருத்த முடியாது. பழைய மிக்ஸ்மாஸ்டர் மின்னஞ்சல் சேவைகள் அப்படித்தான் இருந்தன, அஞ்சல் போய்ச் சேரப் பல மணித்தியாலம் எடுக்கும். 2017இல் லூபிக்ஸ் என்ற வடிவமைப்பு வந்தது, ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு சிறிய தற்செயலான தாமதம், அதோடு நீங்கள் சும்மா இருக்கும்போதும் பொய்ப் பக்கெட்டுகள் தொடர்ந்து போகும். நிம் அதை அடித்தளமாக வைத்துக் கட்டியது. உள்ளே போக ஒரு வாசல், மூன்று அடுக்குக் கலவைக் கணினிகள், வெளியேற ஒரு வாசல் என்று ஐந்து படி.

நீங்கள் எழுதும் நேரம்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்றால் இது டோரைவிட உண்மையிலேயே பலமானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு செய்தி ஒரு நிமிடம் பிந்திப் போனால் உங்களுக்கு ஒன்றும் குறையாது, கட்டுரைதானே. ஆனால் நிம் விபிஎன் காசு கட்டிப் பாவிக்கிற சேவை, டோர் அளவுக்குப் பாவனையாளர்களும் இல்லை, டோர் பிரவுசர் மாதிரி உங்கள் பிரவுசரின் கைரேகையை மறைக்கிற சாமானும் அதோடு வருவதில்லை. சாதாரண குரோமில் நிம் போட்டுக்கொண்டு போனால் உங்கள் எழுத்துருக்கள், திரை அளவு, மொழி அமைப்பு எல்லாம் சேர்ந்து தளத்துக்கு உங்களை அடையாளம் சொல்லும். டோர் பிரவுசரில் ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டி வரும், பலருக்கு அது எரிச்சல், ஆனால் எல்லோருடைய திரையும் குறிப்பிட்ட சில அளவுகளில் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது.

உலகம் முழுக்க வலையைக் கண்காணிக்கிற உளவு நிறுவனம் உங்கள் எதிரி என்றால் நான் நிம் என்று சொல்வேன். உங்கள் எதிரி ஒரு முதலாளி. டோர் போதும்.


புதுக்கணக்கு

எல்லோருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதிவைத் திருத்திவிட்டேன். இரண்டு விஷயம் இன்னும் விளங்கவில்லை. டோர் பாவிப்பது இங்கே சட்டப்படி குற்றமா? நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு எல்லோரும் பயப்படுத்துகிறார்கள். மற்றது, கடதாசி அனுப்பப் போகிறவர்களிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் வட்ஸ்அப்பைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு டோர் படிப்பிக்க முடியுமா?


சிவப்புமை

நான் கணினி ஆள் இல்லை, தொழிற்சங்க வேலையில் நீண்ட காலம் இருந்தவள். அதனால் நெட்வொர்க் பற்றிப் பேசாமல் கடதாசி பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் ஆட்கள் பிடிபடுவதை நான் கண்டது அங்கேதான்.

சட்டக் கேள்விக்கு முதலில். டோர் பாவிக்கக் கூடாது என்று இலங்கையில் ஒரு சட்டமும் இல்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பார்ப்பது நீங்கள் என்ன வெளியிட்டீர்கள் என்பதை, பொய்யான கூற்று, துன்புறுத்தல் என்று அதில் பல பிரிவுகள் இருக்கின்றன. ஆகவே உங்கள் பாதுகாப்பு முதலில் உங்கள் எழுத்தில் இருக்கிறது. ஆதாரம் இல்லாத ஒரு வரி எழுத வேண்டாம். முதலாளியின் குடும்பம், சாதி, ஊர் என்று இழுக்க வேண்டாம். எந்த மாதம், எவ்வளவு வெட்டியது, எவ்வளவு கட்டவில்லை, அதோடு நிறுத்துங்கள். வெளியிட முன் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்டுங்கள்.

இனிக் கடதாசி. சம்பளத் துண்டில் பெயரை மட்டும் கறுப்பால் மறைத்து அனுப்புகிறார்கள், அங்கத்தவர் இலக்கம் அப்படியே இருக்கும். பெயரும் இலக்கமும் மறைத்தாலும் அடிப்படைச் சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் சேர்ந்த அந்தச் சரியான தொகை இருக்கும், கணக்குப் பகுதியில் உள்ளவர் ஒரு தேடல் போட்டால் ஆள் யார் என்று தெரியும். சேமலாப நிதிக்கு முதலாளி மாதாமாதம் அனுப்பும் சி படிவத்தின் நகல் வெளியே வந்தால் அதைத் தொடக்கூடியவர்கள் யார் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும் சில வேளை இடமும் பதிந்திருக்கும், பின்னணியில் மேசை விரிப்புத் தெரிந்தாலே போதும். ஒபிஸில் உள்ள நிற லேசர் பிரிண்டரில் அச்சடித்ததை ஸ்கேன் செய்யவே வேண்டாம், பல பிரிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் தங்கள் தொடரிலக்கத்தையும் நேரத்தையும் தாளில் போட்டுவிடும்.

2017இல் அமெரிக்காவில் ஒரு இரகசிய அறிக்கை செய்தித்தளம் ஒன்றுக்குப் போனது. அந்த அறிக்கையை அச்சிட்டவர்கள் மொத்தம் ஆறு பேர் என்று உள்ளக விசாரணையில் கண்டார்கள், அந்த ஆறு பேரில் ஒருவரின் வேலைக் கணினியில் அதே செய்தித்தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு இருந்தது. முடிந்தது கதை. அறிக்கையைத் தபாலில் அனுப்பியிருந்தார், அதை அனுப்ப நெட்வொர்க்கே பாவிக்கவில்லை. உங்களிடம் இருக்கும் கடதாசி எத்தனை பேரிடம் இருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். மூன்று பேர் என்றால் அதை வெளியிட வேண்டாம், அதில் உள்ள தகவலைப் பல மாதங்களோடு கூட்டி மொத்தமாகச் சொல்லுங்கள்.

எழுத்து நடையையும் மறக்க வேண்டாம். கொழும்புத் தமிழ் வட்டம் சின்னது. நீங்கள் யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா என்று இரண்டு பந்தியில் சொல்லிவிடுவார்கள், முகநூலில் நீங்கள் வழக்கமாக எழுதுகிற சொற்களை வைத்தும் சொல்வார்கள். வேறு ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள், செய்தித்தாள் நடையில், உணர்ச்சி இல்லாமல்.


ஹம்டன்_லேன்

சிவப்புமை அக்கா சொன்னதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். மீதி வேலை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

உங்களுக்கு: டோர் பிரவுசரை அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், வேறு எங்கிருந்தும் வேண்டாம். சொந்த மடிகணினியில் போடுங்கள், ஒபிஸ் கணினியில் வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு அளவை இரண்டாம் நிலைக்காவது ஏற்றுங்கள். வீட்டு இணைப்பில் டோர் போவது இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியும், அதை மறைக்க வேண்டும் என்றால் அமைப்புகளில் பிரிட்ஜ் என்று இருக்கிறது, ஸ்னோஃப்ளேக்கைத் தெரிவு செய்யலாம். அது எங்கோ ஒருவர் தன் பிரவுசரில் தற்காலிகமாகத் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாக உங்களை உள்ளே எடுக்கும், வெளியே இருந்து பார்ப்பவருக்கு வீடியோ அழைப்பு மாதிரித் தெரியும். கொஞ்சம் வேகம் குறையும். இங்கே சாதாரண நாட்களில் பிரிட்ஜ் இல்லாமலே டோர் இணைகிறது, ஆனால் 2022 ஏப்ரல் மாதிரி ஒரு இரவு திரும்ப வந்தால் அப்போது தேடிக்கொண்டிருக்காமல் இப்போதே ஒருதரம் போட்டுப் பழகி வையுங்கள்.

டோருக்குள் நீங்கள் திறக்கும் மின்னஞ்சலும் கணக்கும் புதிதாக இருக்க வேண்டும், அங்கேயே பிறந்து அங்கேயே இருக்க வேண்டும். ஒருநாள் அவசரத்துக்கு அந்தக் கணக்கைச் சாதாரண பிரவுசரில் திறந்தால் போதும், உங்கள் வீட்டு ஐபி அந்தத் தளத்தின் பதிவேட்டில் விழுந்துவிடும், பிறகு அழிக்க முடியாது. டோர் பிரவுசருக்குள்ளே இருந்து உங்கள் உண்மையான முகநூலைத் திறப்பதும் அதே மாதிரித்தான். இறக்கிய கோப்பை இணைப்பில் இருக்கும்போது வேர்டில் திறக்காதீர்கள், வேர்ட் டோர் வழியாகப் போகாது, கோப்புக்குள் ஏதாவது இணைப்பு இருந்தால் நேரே வெளியே போய்விடும். இவ்வளவையும் நினைவில் வைத்திருப்பது கஷ்டம் என்றால் டெயில்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென்ட்ரைவில் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள், அதில் எல்லாமே டோர் வழியாகத்தான் போகும், மூடினால் கணினியில் ஒன்றும் மிஞ்சாது.

அனுப்புகிறவர்களுக்கு: டோர் படிப்பிக்க வேண்டாம். ஆனியன்ஷெயர் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் கணினியிலேயே பெட்டி ஒன்றைத் திறந்து அதற்கு டோர் முகவரி தரும், அனுப்புபவர் டோர் பிரவுசரில் அதைத் திறந்து கோப்பைப் போடலாம். தொழில்நுட்பத்தில் அதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் அந்த முகவரி 56 எழுத்து, உங்கள் கணினி திறந்திருக்கும் நேரம் மட்டும்தான் வேலை செய்யும், கொடுக்கிற ஒவ்வொருவரும் புதிதாக ஒரு பிரவுசரைப் போட்டுப் பழக வேண்டும். பத்துப் பேரில் இரண்டு பேர் செய்வார்கள், மற்ற எட்டுப் பேர் "அக்கா, வட்ஸ்அப்பில் அனுப்புறேன்" என்று அனுப்பிவிடுவார்கள், அங்கேதான் எல்லாம் கெடும்.

அதனால் நான் வட்ஸ்அப் மாதிரியான சிக்னல் செயலியைச் சொல்வேன். அது அடையாளம் மறைக்கும் நெட்வொர்க் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். பதியத் தொலைபேசி இலக்கம் வேண்டும், இங்கே இலக்கம் என்றால் அடையாள அட்டை. ஆனால் 2024இல் இருந்து பயனர் பெயர் வைக்கலாம், இலக்கத்தை மற்றவருக்குக் காட்டாமல் விடலாம். நீதிமன்றம் கேட்டாலும் ஒரு கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது என்பதைத் தவிர சிக்னலிடம் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. அழியும் செய்திகளை ஒரு நாளுக்கு வைத்துவிடுங்கள். வட்ஸ்அப் பழகியவருக்கு அதைப் பழக ஐந்து நிமிடம். முக்கியமான கடதாசி வைத்திருக்கிற ஓரிருவரை மட்டும் நேரில் சந்தித்து வாங்குங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முடிச்சு, ஐ2பி பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் இப்படிப் பல கொம்பனி ஊழியர்கள் சேர்ந்து ஒரு நிலையான தளம் நடத்தும் நிலை வந்தால் அதன் பிரதி ஒன்றை ஐ2பியிலும் வைக்கலாம், வெளியே எங்காவது ஒரு சேர்வரில். அதை நீங்கள் செய்து கொடுக்கலாமே.


முடிச்சு

தாராளமாகச் செய்யலாம். வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றில், என் வீட்டில் இல்லாமல்.


புதுக்கணக்கு

டெயில்ஸ் போட ஒரு பழைய பென்ட்ரைவ் இருக்கிறது, 8 ஜிபி, அது போதும் என்று அவர்களின் பக்கத்தில் போட்டிருக்கிறது. கையில் உள்ள கடதாசிகளை சிவப்புமை அக்கா சொன்ன மாதிரி எத்தனை பேரிடம் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு கடதாசிகள் என்னோடு சேர்த்து மிகச் சிலர் கையில் மட்டும் பட்டவை, அவற்றை எடுத்து வைத்துவிட்டேன், வெளியே வராது. மற்றவற்றில் மாத வாரியான மொத்தம் மட்டும் போடப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி: ஆட்கள் சிக்னலில் அனுப்பும் பிடிஎஃப் கோப்புகளை நான் எதில் திறப்பது? யாராவது வேண்டுமென்று ஏதாவது வைத்து அனுப்பினால்?


ஹம்டன்_லேன்

நல்ல கேள்வி. சிக்னலில் வருவதைப் பென்ட்ரைவில் மாற்றி, இணைப்பு இல்லாமல் தொடங்கிய டெயில்ஸில் திறவுங்கள், தொடக்கத் திரையில் மேலதிக அமைப்புகளில் நெட்வொர்க்கை முழுதாக நிறுத்தும் தெரிவு இருக்கிறது. வெளியிடும்போது அந்தக் கோப்பை அப்படியே போடாமல், தேவையான எண்களைப் பார்த்து நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்த அட்டவணையைப் போடுங்கள்.